தூண்குழியிலிருந்து எழும் ஊர்

வியூகக் கணினி விளையாட்டில் ஊரை வானத்திலிருந்தே பார்க்கிறோம். திரையை நிறைப்பது கூரைதான். பழங்கால ஜெர்மானியக் குடிகளின் ஊரை வடிவமைப்பவருக்குச் சிக்கலும் அங்கேதான். ரோமானியர் கல்லையும் ஓடுகளையும் விட்டுச்சென்றார்கள். இவர்கள் கட்டியதோ மரமும் மண்ணும் புல்லும் கொண்டு. அகழாய்வில் பெரும்பாலும் மிஞ்சுவது தூண் நட்ட குழி மட்டுமே. மரம் மக்கிப்போன இடம், சுற்றியுள்ள மண்ணைவிடக் கறுத்த வட்டமாகத் தெரியும்.

அந்த வட்டங்களிலிருந்து கூரையைக் கணக்கிட முடியும் என்பதுதான் வியப்பு. இவர்களின் நீண்ட வீட்டுக்குள் இரண்டு வரிசைத் தூண்கள். கூரையின் பாரம் பெரும்பாலும் அவற்றின் மேல்தான். அதனால் குச்சிகளைப் பின்னி மண் பூசிய சுவரே போதுமாக இருந்தது. சுவருக்குச் சுவர் உள்ள தூரம் வீட்டின் அகலத்தைச் சொல்லிவிடும். புல் வேய்ந்த கூரையில் மழைநீர் ஊறாமல் வழிய ஏறக்குறைய 45 பாகைச் சரிவு வேண்டும். இரண்டையும் சேர்த்தால் உயரம் வந்துவிடும். தாழ்ந்த சுவர், அதன்மேல் ஓங்கிய கூரை. புகைபோக்கி வரையக் கூடாது. அடுப்புப் புகை கூரை வழியேதான் கசிந்து வெளியேறியது.

ஜெர்மனியின் வடகடலோரத்தில், பிரேமர்ஹாவன் அருகே உள்ள மண்மேடு ஃபெடர்சன் வீர்டே. தொல்லியலாளர் வெர்னர் ஹார்நாகெல் 1955 முதல் 1963 வரை அங்கே அகழாய்வு செய்தார். ஈரக்களிமண்ணும் சாணமும் காற்றுப் புகாமல் மூடியிருந்ததால், பின்னிய சுவர்களின் அடிப்பகுதியும் தொழுவத் தடுப்புகளும்கூட மக்காமல் கிடைத்தன. ஒரே கூரையின் கீழ் ஒரு முனையில் அடுப்பும் மனிதர்களும், மறுமுனையில் நடைபாதையின் இருபுறமும் மாடுகள். விளையாட்டுகளோ வீடு தனி, தொழுவம் தனி என்று கேட்கும். இரண்டு வேலைகளையும் ஒரே கட்டடத்துக்குக் கொடுப்பதே நேர்மை என்பேன். தனிக் கட்டடம் வேண்டுமென்றால் தரையிலிருந்து உயர்த்திய தானியக் களஞ்சியம் இருக்கிறது. தறியின் களிமண் எடைகள் கிடைக்கும் குழிவீடும் இருக்கிறது.

'ஜீரோ ஏ.டி.' போல கி.மு. 500 முதல் கி.மு. 1 வரையிலான காலத்தைக் காட்டும் விளையாட்டில், கூரை முகட்டில் டிராகன் தலை செதுக்கும் ஆசை வரும். அந்த வேலைப்பாடு உள்ள நார்வேயின் போர்குண்ட் தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி அது!

கோயில் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தெய்வங்களைச் சுவருக்குள் அடைப்பது ஜெர்மானியருக்குத் தகாததாகப் பட்டது, தோப்புகளையே புனிதமாகக் கொண்டார்கள் என்று கி.பி. 98 வாக்கில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதினார். துரிங்கியாவில் ஓபர்டோர்லா ஏரிக்கரையில் படல்வேலி அடைப்புகளும், எளிமையாகச் செதுக்கிய மரச் சிலைகளும், பலியிட்ட விலங்குகளின் எலும்புகளும் கிடைத்தன. ஆகவே கோயில் என்ற பொத்தானை அழுத்தினால் எழ வேண்டியது ஒரு மரத்தோப்பு, வேலி, கவைக்கொம்பில் செதுக்கிய ஓர் உருவம். அந்தத் தோப்பின் மரங்களை மட்டும் ஆட்டக்காரர் வெட்ட முடியாதபடி விதி வைத்தால், வடிவமைப்பு ஆட்டத்துக்குள்ளும் இறங்கிவிடும்.