கல்லும் கூடாது, மணியும் கூடாது! மரமும் மண்ணுமாய் எழுந்த தேவாலயம்

கோவில் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு ஜனங்கள் மனு கொடுக்கிறார்கள். பல வருடம் இழுத்தடித்த பிறகு உத்தரவு வருகிறது. அனுமதி உண்டு. ஆனால் கூடவே நிபந்தனைகள்.

கல் உபயோகிக்கக் கூடாது. செங்கலும் கூடாது. மரம், களிமண், மணல், வைக்கோல் இவற்றை மட்டும் வைத்துக் கட்ட வேண்டும். கோபுரம் கூடாது. மணி கூடாது. ஊர் மதிலுக்கு உள்ளே இடம் கிடையாது. வெளியேதான் கட்ட வேண்டும். ஆனால் மதிலில் இருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு விழும் தூரத்தைத் தாண்டவும் கூடாது. செலவு முழுவதும் அவர்களுடையது. ஒரு வருடத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரி உத்தரவு புதிதல்ல. 'முடியாது' என்று எழுதாமலே முடியாது என்று சொல்லும் உத்தரவு!

ஆனாலும் அந்த ஜனங்கள் கட்டி முடித்தார்கள். கட்டிய தேவாலயம் 360 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நிற்கிறது. இடம், போலந்து நாட்டின் தென்மேற்கே உள்ள ஷ்விட்னிட்ஸா நகரம். அந்தக் காலத்தில் அதன் பெயர் ஷ்வைட்னிட்ஸ். சைலீஷியா என்ற பிரதேசத்தைச் சேர்ந்த ஊர். அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழி பேசியவர்கள்.

முப்பது வருட யுத்தம்

1618-ல் மூண்ட யுத்தம் 1648 வரை நடந்தது. ஐரோப்பாவின் நடுப்பகுதியைச் சுடுகாடாக்கிய யுத்தம் அது. ஒரு பக்கம் கத்தோலிக்கர், மறுபக்கம் மார்ட்டின் லுத்தர் வழிவந்த சபையாரும் மற்ற சீர்திருத்தக்காரர்களும். அரசியல் கணக்குகளும் அதில் கலந்திருந்தன. கடைசியில் வெஸ்ட்பாலியா உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

சைலீஷியா கத்தோலிக்கச் சக்கரவர்த்தி மூன்றாம் பெர்டினாண்டின் நேரடி ஆட்சியில் இருந்தது. குடிஜனங்களில் பெரும்பாலோர் லுத்தரன்கள். உடன்படிக்கைக்குப் பிறகு அவர்களிடமிருந்து 600-க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் பறிக்கப்பட்டன. பாதிரியார்கள் வெளியேற்றப்பட்டார்கள். லுத்தரன் நாடான சுவீடன் வற்புறுத்தியதால் மூன்றே மூன்று தேவாலயங்களுக்கு மட்டும் சக்கரவர்த்தி இணங்கினார். க்ளோகாவ், யாவோர், ஷ்வைட்னிட்ஸ் என்ற மூன்று ஊர்களில் ஊருக்கு ஒன்று. சமாதான உடன்படிக்கையால் கிடைத்ததால் அவற்றுக்கு 'சமாதான ஆலயம்' என்று பெயர் வந்தது.

பீரங்கித் தூரம் எதற்கு? எதிரிப்படை வந்து அந்தக் கட்டிடத்தில் பதுங்கினால், மதிலில் இருந்தபடியே அதை இடித்துத் தள்ள வேண்டும் அல்லவா, அதற்காக.

வைக்கோல் சுவர்

திட்டம் போட்டுக் கொடுத்தவர் ஆல்பிரெக்ட் வான் சேபிஷ். பிரெஸ்லாவ் நகரத்துக்காரர், கோட்டை கட்டுவதில் தேர்ந்தவர். தச்சு வேலைக்குத் தலைவர் ஆண்ட்ரியாஸ் கேம்பர்.

நம் கிராமங்களில் மூங்கில் படல் கட்டி அதன்மேல் மண் அப்பிச் சுவர் எழுப்புவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே முறைதான். மூங்கிலுக்குப் பதில் ஓக் மர உத்திரங்கள். உத்திரங்களை நிறுத்தியும் படுக்கவைத்தும் குறுக்கே சாய்த்தும் ஒன்றோடொன்று பொருத்திச் சட்டம் கட்டினார்கள். சட்டங்களின் இடைவெளியில் களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து அடைத்தார்கள். பாரம் முழுவதையும் மரச்சட்டமே தாங்கும். மண் வெறும் அடைப்புதான்.

ஹோக்பெர்க் என்ற லுத்தரன் பிரபு தன் காட்டிலிருந்து 2,000 ஓக் மரங்களைக் கொடுத்தார். ஏழைகள் அவரவரால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 1656 ஆகஸ்ட் 23-ல் அஸ்திவாரம். 1657 ஜூன் 24-ல் முதல் ஆராதனை. கெடு பன்னிரண்டு மாதம். வேலை முடிந்தது பத்தே மாதத்தில்!

சின்னக் கூடாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 44 மீட்டர் நீளம். உள்ளே மாடத்துக்கு மேல் மாடம். உட்கார 3,000 பேர், நிற்க 4,500 பேர், ஆக 7,500 பேருக்கு இடம். சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கோவில்களும் பறிபோய்விட்டன. கிராமம் கிராமமாக ஜனங்கள் வரவேண்டிய இடம் இது ஒன்றுதான். அத்தனை பேருக்கும் இடம் வேண்டாமா?

வெளியே இருந்து பார்த்தால் பெரிய தானியக் கிடங்கு மாதிரி இருக்கும். உள்ளே போனால் கண் கூசும். கூரையில் வெளிப்படுத்தின விசேஷக் காட்சிகள். மாடங்களின் முகப்பில் வேத வசனங்கள், சித்திரங்கள். தொழிலாளர் சங்கங்களுக்குத் தனித்தனி மாடம். மரம் கொடுத்த பிரபு குடும்பத்துக்கும் ஒரு மாடம் உண்டு. பிரசங்க மேடை 1729-ல் செய்தது. அதில் ஒரு மணல் கடிகாரம் இருக்கிறது, பிரசங்கியார் நேரம் போவது தெரியாமல் பேசிவிடக் கூடாதே!

கோபுரமும் மணியும் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் படையுடன் வந்து சக்கரவர்த்தியை நெருக்கி 1707-ல் ஒரு உடன்படிக்கை செய்தார். அதன்பின் 1708-ல் மணிக்கூண்டு எழுந்தது, ஆலயத்தோடு ஒட்டாமல் தனியாக. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே 1707-ம் ஆண்டில்தான் நம் தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். அவரும் லுத்தரன் சபைக்காரர்; பக்கத்துப் பிரதேசமான சாக்சனியில் பிறந்தவர்.

மற்ற இரண்டும்

மூன்றில் முதலில் எழுந்தது க்ளோகாவ் ஆலயம். 1654-ல் புயலில் விழுந்தது. திரும்பக் கட்டினார்கள். 1758-ல் தீயில் போயிற்று. யாவோர் ஆலயம் இன்றும் இருக்கிறது. அது 1655-ல் முடிந்தது. ஷ்விட்னிட்ஸாவைவிடக் கொஞ்சம் மூத்தது. இரண்டையும் 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மரத்துக்குத் தீயும் கறையானும் ஈரமும் எமன்கள். அவற்றையெல்லாம் தாண்டிய இந்த ஆலயத்துக்கு வந்த பெரிய சோதனை வேறு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் 1945-ல் சைலீஷியா போலந்துக்குப் போயிற்று. ஜெர்மன் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேற்றப்பட்டார்கள். பத்து மாதத்தில் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் அவர்கள். தாத்தா பாட்டியின் கல்லறைகள் ஆலயத்தைச் சுற்றியுள்ள தோட்டத்திலேயே நின்றுவிட்டன. அவர்கள் இடத்துக்கு வந்த போலந்துக்காரர்களில் ஏறக்குறைய எல்லோருமே கத்தோலிக்கர்.

கொஞ்சம் போலந்து லுத்தரன்கள் இருந்தார்கள். 7,500 பேருக்குக் கட்டிய ஆலயம் அந்தச் சின்னஞ்சிறு சபையின் தலையில் விழுந்தது. கூரை ஒழுகினாலும் அவர்கள் பொறுப்பு, உத்திரம் உளுத்தாலும் அவர்கள் பொறுப்பு. பின்னாளில் போலந்து வல்லுநர்களும் ஜெர்மன் வல்லுநர்களும் ஒன்றாக நின்று மரத்தையும் மண்ணையும் பழுது பார்த்தார்கள். துரத்தியவர்கள், துரத்தப்பட்டவர்கள் என்ற கணக்கு அந்தச் சாரத்தின் மேல் எடுபடவில்லை போலும்.

இன்றும் அங்கே ஆராதனை நடக்கிறது. அதே சபை, அதே மரச்சட்டம். பாஷை மட்டும் போலிஷ்.