குளிர் குறைந்த ஊரில் லைலாக் பூப்பது எப்படி?

மணம் வீசும் பூச்செடியான லைலாக்கின் தாயகம் பால்கன் மலைப்பகுதி. கோடையிலேயே அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகளை அது உருவாக்கிவிடும். ஆனால் அவை உடனே விரிவதில்லை. ஏன்? மொட்டுகள் உறக்கத்தில் இருக்கும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் பல வாரங்கள் கிடைத்தால்தான் அந்த உறக்கம் கலையும். குளிர் போதாவிட்டால் பூ அரிதாகும்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் குளிர் குறைவு. அங்குள்ள டெஸ்கான்சோ தோட்டத்தில், மிதமான குளிரிலேயே பூக்கும் ‘லாவெண்டர் லேடி’ ரகத்தை வால்டர் லாமர்ட்ஸ் உருவாக்கினார்.

எப்படி வளர்ப்பது? நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். இலையுதிர் காலத்தில் தண்ணீரைக் குறைத்தால் செடி ஓய்வெடுக்கும். பூ முடிந்ததுமே கவாத்து செய்யுங்கள். தாமதித்தால், கிளை நுனியில் இரட்டையாக அமர்ந்திருக்கும் அடுத்த ஆண்டு மொட்டுகளையே வெட்டிவிடுவீர்கள்.