டவுன் வீடு – 12: மறுவீட்டுச் சொதி

சென்ற வாரம் பந்தக்கால் நாட்டியதோடு நிறுத்தியிருந்தேன். அக்கா கல்யாண முகூர்த்தத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. 1974 ஆவணி மாதம், எனக்குப் பன்னிரண்டு வயது. தாலி கட்டும் நேரத்தில் எனக்கு முன்னால் பெரியப்பாவின் முதுகுதான் இருந்தது. கெட்டிமேளம் கேட்டது. கையில் இருந்த அட்சதையை எல்லோரோடும் சேர்த்து வீசினேன். அவ்வளவுதான்.

ஆனால் அன்று விடியற்காலை நன்றாக நினைவிருக்கிறது. ரேடியோ செட்காரர் காருக்குறிச்சி அருணாசலத்தின் இசைத்தட்டைப் போட்டிருந்தார். அவர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகள் அவர் நாயனத்தில்தான் விடிந்தன. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகி குரலோடு அவர் நாயனம் சேர்ந்து போகும் பாட்டு வந்தபோது, அம்மா அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஈர முடி. சிக்கெடுக்கும்போது வலித்திருக்க வேண்டும். அக்கா வாயே திறக்கவில்லை. பின்னி முடித்த பிறகும் அம்மா சடையை விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தாள். பாட்டு முடிந்து ஊசி தட்டில் உரசும் சத்தம் கேட்டதும்தான் கையை எடுத்தாள்.

மறுநாள் காலை வீடு வேறு மாதிரி இருந்தது. அக்கா முதல்நாள் சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போயாயிற்று. வாசலில் வாழைமரத்தின் இலை தொங்கிவிட்டது. பந்தலுக்குள் மிதிபட்ட சாமந்தி, வெற்றிலைக் காம்பு, சந்தனம் காய்ந்த பேலா. அப்பா திண்ணையில் உட்கார்ந்து வாடகைப் பாத்திரங்களை எண்ணினார். அண்டா நாலு, உருளி இரண்டு, வாளி பதினெட்டு. கரண்டியில் ஒன்று குறைந்தது. அந்த ஒரு கரண்டிக்காக ஆக்குப்புரையில் சாம்பலைக்கூடக் கிளறிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அப்பா அதற்கும் காசு கொடுத்தார்.

பிறகு மொய் நோட்டை எடுத்தார். அப்பா ரத வீதியில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர். நோட்டின் இடதுபக்கம் வந்த பெயர், ஊர், தொகை. வலதுபக்கம் வெற்றிடம். அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது நாம் திருப்பிச் செய்ததை எழுத அந்த இடம். பதினோரு ரூபாயும் ஐந்து ரூபாயும்தான் அதிகம். ஒருவர் இரண்டு ரூபாய் வைத்திருந்தார். அந்தப் பெயர் வந்தபோது அப்பா நிறுத்தி, “அவன் நிலைமைக்கு இது பெருசு” என்றார். அந்த வலதுபக்கம் நிரம்ப இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. மொய் எழுதுவதை இப்போது பலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். பந்தல் போடக் கடன் வாங்கிய வீட்டில் அந்த நோட்டு என்ன செய்தது என்று பார்த்தவள் நான். என்னால் அப்படிப் பேச முடியாது.

பத்து மணிக்குத் தேங்காய் துருவும் சத்தம் தொடங்கியது. அன்று மறுவீடு. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு விருந்துக்கு வரும் நாள். எங்களைப் போன்ற திருநெல்வேலி சைவ வீடுகளில் அன்றைக்குச் சொதிதான். கல்யாணப் பந்தியில் சாம்பாரும் புளிக்குழம்பும் வடையும் பாயசமுமாகச் சாப்பிட்டுச் சூடேறிய வயிற்றுக்குத் தேங்காய்ப்பால் குளிர்ச்சி என்று ஆச்சி காரணம் சொல்வாள். கல்யாணச் சமையல் தவசுப்பிள்ளையுடையது. சொதியை மட்டும் அம்மா யார் கையிலும் விடவில்லை.

சொதிக்கு மூன்று பால். மூன்றாம் பால் தண்ணீராக இருக்கும்; அதில்தான் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் முருங்கைக்காயும் வேகும். வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்ந்து கொதித்ததும், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து விட வேண்டும். கடைசியில் கெட்டியான முதல் பால். அதை விட்ட பிறகு கொதி வரக்கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சை இறக்கி ஆறிய பிறகுதான். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் காரக்கறி, தேங்காய்ப்பால் செரிக்க இஞ்சிப் பச்சடி. புளியே கிடையாது. பார்க்க எளிது. ஒரு நிமிடம் கண் அசந்தால் பால் திரிந்துவிடும்.

அக்கா வந்தாள். ஒரு ராத்திரிக்குள் அவளுக்கு நடை மாறியிருந்தது. புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் கழுத்தில் ஒட்டியிருந்தது. நேரே அடுக்களைக்கு வந்தவளை அம்மா, “நீ இன்னைக்கு விருந்தாளிட்டி, போய் உக்காரு” என்று திருப்பி அனுப்பினாள். தான் பிறந்த வீட்டில் முதல்முறையாக அக்கா எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

அன்று சாயங்காலம் அவர்களோடு துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். புதுப்பெண்ணோடு சில நாள் தங்கத் தங்கச்சியை அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். அத்தான் வீடு பாளையங்கோட்டையில். டவுனிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். ஜங்ஷனில் அதற்கு முந்தின வருடம் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்கி, பிறகு சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்ட வேண்டும். 1843-ல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் அது. அவர் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆச்சி சொல்லும் கதைகளில் அக்காவுக்குப் பிடித்தது அதுதான். அன்று பாலத்தில் கார் போகும்போது அக்கா ஆற்றைப் பார்க்கவில்லை. கைவளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

டவுனில் எங்களுக்கு நெல்லையப்பர் கோயில் மணிதான் கடிகாரம். பாளையில் ஊசிக்கோபுரத் தேவாலயத்து மணி, அதோடு பள்ளிக்கூட மணிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் அடிக்கும். முதல் இரண்டு நாள் அக்கா மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். எந்த மணிக்குக் காப்பி, எந்த மணிக்கு உலை வைப்பது என்று தெரியவில்லை. கேட்கக் கூச்சம். அந்த வீட்டில் உப்பு எந்த ஜாடியில், எந்தத் துணி கரித்துணி, மாமாவுக்குச் சோறு குழைய வேண்டுமா வேண்டாமா? தாலி கட்டிய கணத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாக ஊர் கலைந்து போகிறது. இதையெல்லாம் அதற்குப் பிறகு, ஒருத்தி தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அத்தான் பள்ளிக்கூட வாத்தியார். பகலில் அக்காவோடு நேராகப் பேசமாட்டார். மாமாவும் அத்தையும் இருக்கும் வீட்டில் அன்றைக்கு அதுதான் மரியாதை. எல்லாம் என் வழியாகத்தான். “கொழுந்தியா, உங்க அக்காட்ட ஒரு செம்பு தண்ணி கேளு.” அக்கா மூன்றடி தள்ளித்தான் நிற்பாள். நான் திரும்பி, “அத்தான் தண்ணி கேக்காவ” என்பேன். தண்ணீர் என் கையில் வரும். “சட்டைக்குப் பித்தான் போயிட்டுன்னு சொல்லு.” “ஊசிநூல் எங்க இருக்குன்னு கேளு.” அந்த வேலை எனக்குப் பெருமையாக இருந்தது. நான் இல்லாவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று உண்மையாகவே கவலைப்பட்டேன்.

நாலாம் நாள் மாமா, “மறுவீட்ல சாப்பிட்ட சொதி நாக்குலயே நிக்கி. மருமக வைக்கட்டுமே” என்றார். அக்கா அம்மா செய்ததைப் போலவே மூன்று பால் எடுத்தாள். அந்த வீட்டு விறகடுப்பு அவளுக்குப் பழக்கமில்லை. முதல் பாலை விட்டுவிட்டுக் கரித்துணி தேடித் திரும்பினாள். அதற்குள் கொதி வந்து பால் திரிந்துவிட்டது. சட்டியில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக மிதந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அத்தை உள்ளே வந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அரிவாளை எடுத்து இரண்டு தேங்காயை உடைத்து, ஒரு மூடியை அக்கா பக்கம் நகர்த்தினாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து துருவினார்கள். “இந்த அடுப்பு முன்கோபக்காரி. ஒரு கொள்ளியை முன்னாலயே வெளிய இழுத்துடணும்” என்றாள். அப்புறம், “எங்க மாமியா வீட்ல எனக்கு மூணு தடவ திரிஞ்சிது. மூணு தடவையும் பாட்டு கேட்டேன்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதமானது. மாமா கேட்டபோது, “நான்தான் பேச்சுக் குடுத்துட்டேன்” என்றாள் அத்தை.

அன்று பந்தி விசாரிக்கும்போது நான் வாளியோடு நின்றேன். அத்தான் இலையைப் பார்த்தபடி, “இன்னும் கொஞ்சம் விடு” என்றார். நான் குனிந்தேன். “உன்னையல்ல” என்று சொல்லி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அப்பா சைக்கிளில் வந்து என்னை அழைத்துப் போனார். அத்தை ஒரு தூக்குவாளியில் சொதி கொடுத்தனுப்பினாள். அன்று காலை அக்கா மறுபடி வைத்தது. பின்கேரியரில் உட்கார்ந்து, வாளி அலம்பாமல் மடியில் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அக்கா சாப்பிடுதாளா?” சாப்பிடுகிறாள் என்றேன்.

அம்மா வாளியைத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

“யார் வச்சது?”

“அக்கா.”

“இஞ்சி தூக்கலா இருக்கே. நான் இப்படிச் சொல்லிக் குடுக்கலையே.” மறுபடி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். “அவங்க வீட்டுக் கைப்பக்குவம் போல” என்றாள். பிறகு தட்டில் சோறு போட்டு, வாளியைச் சாய்த்து ஊற்றிக்கொண்டு, அடுக்களை நிலைப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

(தொடரும்)