கடமைத் தெளிவும் தன்வலி நம்பிக்கையும்

தொழிலொன்றை ஏற்றோன் சோர்வுறக் காணின், அவனுக்கு ஆற்றல் போதாதென்று கூறிவிடுதல் உலகியல்பு. அவன் கடமை இன்னதென்று அவனுக்குத் தெளிவாகக் கூறப்பட்டதா என்று வினவுவாரோ மிகச் சிலர். அவ்வினாவின் இன்றியமையாமையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1964-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக் கழகத்து அறிஞர் ராபர்ட் கானும் அவருடன் ஆராய்ந்த நால்வரும் வெளியிட்ட நூல், அலுவலிடத்து நேரும் நெருக்கடிகளுள் இரண்டினைச் சிறப்பாக விளக்கிற்று. ஒன்று கடமை முரண். மற்றொன்று கடமை மயக்கம். ஆலை மேஸ்திரி ஒருவனை எடுத்துக்கொள்வோம். வேலை விரைந்து முடிதல் வேண்டுமென்பர் மேலுள்ளோர். தம் இளைப்பையும் எண்ணுமாறு வேண்டுவர் கீழுள்ளோர். ஒருவர் சொல்லை நிறைவேற்றின் மற்றவர் சொல் தவறும். இது முரண். தன் அதிகாரம் எதுவரை, எவ்வளவு செய்தாற் போதும் என்பவற்றை அவனுக்கு எவரும் உரையாதிருப்பின், அது மயக்கம்.

இவை நம்பிக்கையைக் கெடுப்பது எங்ஙனம்? ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்து ஆல்பர்ட் பாண்டுரா, 1977-இல் எழுதிய கட்டுரையில், 'இது என்னால் இயலும்' என்னும் எண்ணம் நான்கு வழிகளால் வளருமென்றார். தான் முன்னர் முடித்த வினை, தன்னை ஒத்தார் செய்யக் காண்டல், பிறர் கூறும் ஊக்கவுரை, தன் உடல் உள்ளங்களின் நிலை என்பன அவை. இவற்றுள் முதலாவதே வலிமிக்கது. கடமை மயக்கமோ இவ்வேரையே அரிகின்றது. எல்லை தெரியாது ஓடுவோன் தான் வென்றதை எங்ஙனம் அறிவான்? முரணோ, ஒருபக்கத்துப் புகழை மறுபக்கத்துப் பழியாக்கி, ஊக்கவுரையைப் பயனிலதாக்குகின்றது. கவலையால் உறக்கங் கெட்டு நெஞ்சு படபடப்பின், அதனையும் தன் திறமையின்மைக்குச் சான்றாகவே அவன் கொள்வான். நம்பிக்கை குறைய முயற்சி சுருங்கும். முயற்சி சுருங்க வினை கெடும். வினை கெட நம்பிக்கை மேலும் குறையும். இங்ஙனம், திறமுடையானொருவன் தன்னைத் திறமற்றவனென்று தானே தீர்ப்பிட்டுக் கொள்கின்றான். இதனினும் பெரிய இழப்பு யாதுளது?

திருவள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்துள், வினையின் வலியை முன்வைத்துத் தன்வலியை அதன்பின் எண்ணினார். வினை இன்னதென்று அறியாதான் தன்வலியை அளத்தல் யாங்ஙனம்? ஆகலின், பணியின் எல்லையை வரையறுத்தலும், விடைகூறற்குரிய தலைவர் இன்னாரென்று காட்டலும், செய்த வினையின் நிறைகுறைகளை உரிய காலத்துச் சொல்லுதலும் பணிகொள்வோர் கடனாம். அவை செய்யாது பணியாளனுக்கு ஊக்கமில்லையென்று நோதல் முறையன்று.

மாணவராகிய நாமும் நாளை அலுவல்களில் அமர்வோம். பணிபுரியுங்கால் ஐயுற்றதை நாணாது வினவவும், பணிகொள்ளுங்கால் வேண்டியதை விளங்க உரைக்கவும் இன்றே பழகுவோமாக.