ஈஸ்டருக்குப் பின் ஐம்பது நாள்

தவக்காலம் நாற்பது நாள் என்பது தெரியாதவர் இல்லை. ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரை ஓடும் ஐம்பது நாளை எண்ணுவோர் சிலரே. ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்களுக்கோ அந்த ஐம்பது நாளே அஸ்திவாரம்.

பழைய வழக்கம்

நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராயிருந்த புனித அம்புரோஸ், ஞானஸ்நானம் கொடுத்த பிறகே அதன் முழுப் பொருளையும் விளக்கினார். தண்ணீரில் இறங்கி, தைலம் பூசப்பெற்று, நற்கருணை உண்டவர்களுக்கே அது விளங்கும் என்பது அவர் கருத்து. 387-ல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஒருவர் புனித அகஸ்தீன்.

பின்னாளில் மறைந்துபோன இம்முறைக்கு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை அடுத்து 1972-ல் ரோமாபுரி மீண்டும் உயிர் கொடுத்தது. இந்நாட்களில் ஞாயிறு பூசையில் புதியவர்களுக்கும் ஞானப் பெற்றோருக்கும் தனி இடம் உண்டு. பிரசங்கத்திலும் மன்றாட்டிலும் அவர்களை நினைவுகூர வேண்டும்.

யாரைக் கேட்பது?

பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த இடத்தில் வேதத்தில் சேர்ந்தவருக்குச் சிக்கல் அதிகம். ஈஸ்டர் இரவில் கை கொடுத்தவர்கள் மறுவாரம் முகம் பார்ப்பதில்லை. ஞாயிறன்றும் ஷிப்டு, பூசையோ புரியாத பாஷையில். அப்பாவின் திவசத்துக்கு ஊருக்குப் போகலாமா, கோயில் கொடைக்கு வரி கேட்டால் என்ன சொல்வது, கோபத்தில் இருக்கும் அண்ணனைச் சமாதானம் செய்வது எப்படி? இவற்றுக்கு ஞானோபதேசப் புத்தகத்தில் நேரான பதில் கிடைக்காது.

இங்கேதான் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் தேவைப்படுகிறார்கள். பதிவேட்டில் பெயர் எழுதியதோடு அவர்கள் கடமை தீரவில்லை. பூசைக்குக் கூட அழைத்துப் போவதும், வீட்டில் ஒரு வேளை சோறு போட்டு மனக்குறை கேட்பதும், சந்தேகம் வந்தால் சாமியாரிடம் அழைத்துச் செல்வதும் அவர்கள் பொறுப்பே. கதவைத் திறந்துவிட்டவர்கள், உள்ளே உட்கார இடமும் காட்ட வேண்டாமா?