வேற்றுமை நீக்கிச் சொல் ஒப்பிடுதல்

ஒரு சொல் ஒரு நூலில் பயின்றுளதா, எத்துணை இடங்களில் பயின்றுளது என அறிதற்கு இன்று கணிப்பொறியை வினவுகிறோம். அஃது 'இல்லை' என விடை தரின், அவ்வின்மை நூலின் இயல்பா, ஒப்பிட்ட முறையின் குறையா என ஆராய்தல் வேண்டும். ஒரு சொல்லாட்சி ஒரு காலத்து இல்லையென நிறுவும் முடிபுகள் இத்தகைய விடைகளைப் பற்றி நிற்றலின், ஒப்பீட்டு முறையை ஈண்டு விளக்குவாம்.

கணிப்பொறி எழுத்தின் வடிவை நோக்குவதன்று. எழுத்துக்கு இட்ட எண்ணையே நோக்குவது. ஆங்கில முதலெழுத்தின் பேரெழுத்துக்கு எண் 65. சிற்றெழுத்துக்கு எண் 97. எனவே, நீடாமங்கலம் என்னும் ஊர்ப்பெயரை ஒரு பட்டியலில் முழுதும் ஆங்கிலப் பேரெழுத்தாலும், மற்றொன்றில் முதலெழுத்தை மட்டும் பேரெழுத்தாகக் கொண்டும் எழுதின், பொறிக்கு அவை இருவேறு பெயர்களாம். இவ்விடர் நீங்க, நிரல் வகுப்போர் இரண்டினையும் சிற்றெழுத்து வடிவிற்குக் கொணர்ந்து, அப்படிகளையே ஒப்பிடுவர். மூலம் இருந்தவாறே இருக்கும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. அவ்வூர்ப்பெயரின் முதல் நெடிலை ஆங்கிலத்தில் ஓர் 'ஐ' இட்டும் இரண்டு 'ஈ' இட்டும் எழுதுவர். இவ்வேறுபாடு அதனால் நீங்காது. துருக்கி மொழியிலோ புள்ளியுடைய 'ஐ', புள்ளியற்ற 'ஐ' என இரண்டு தனி எழுத்துகள் உள. ஆங்கில விதி அங்குப் பிழைபடும். எனவே, எவ்வேற்றுமை நீக்கற்பாலது என்பதை அவ்வம்மொழியின் இயல்பே துணிவிக்கும்.

தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ஆகலின் நமக்கு இவ்விடர் இல்லையென எண்ணுதல் பொருந்தாது. நீடாமங்கலம் என்பது ஏழெழுத்துச் சொல். ஒருங்குறியில் அதற்குப் பதினோர் எண்கள். இதனை எழுத ஒரே வழிதான் உண்டு. அவ்வூரின் அருகே வெண்ணாற்றினின்று பிரியும் கோரையாற்றின் பெயரோ அத்தகையதன்று. அதன் ஓகாரக் குறியை 3019 என்னும் ஓரெண்ணாலும் குறிக்கலாம். இரட்டைக்கொம்பு 3015, கால் 3006 என ஈரெண்ணாலும் குறிக்கலாம். முன்னதில் சொல்லுக்கு எட்டு எண்கள், பின்னதில் ஒன்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதியும் இவற்றை ஒன்றெனவே கொள்கிறது. ஆயினும் எண்களை மட்டும் ஒப்பிடும் நிரல் வேறெனவே கூறும். இரண்டினையும் ஒருநிலைப்படுத்திய பின்னரே ஒப்பிடல் முறை.

இதற்கு மறுதலையானது வடிவ வேறுபாடு. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை முதலியவற்றின் வடிவம் மாறியது. ஒருங்குறியில் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் எண் ஒன்றே. வேறுபாடு எழுத்துருவைச் சார்ந்தது. ஈண்டு நாம் நீக்கவேண்டுவது யாதும் இல்லை.

மூன்றாவது வகையே பெரிதும் மயக்கந் தருவது. 'வௌவால்' என்பதில் ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தை ஒத்திருத்தலின், கொம்பும் ளகரமும் இட்டு 'வெளவால்' எனத் தட்டெழுதுவார் பலர். இதனை ஒருங்குறி விதி ஒன்றெனக் கொள்ளாது. ளகரத்தின் எண் 2995, ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கு எண் 3031. அங்ஙனமாயின் 'கொம்பும் ளகரமும் வருமிடமெல்லாம் ஔகாரமெனக் கொள்க' என விதி செய்யலாமோ எனின், ஆகாது. செய்யின், 'வெளி', 'தெளிவு' முதலிய நற்சொற்கள் சிதையும். ஈண்டுச் சொற்பொருளும் அகராதியுமே துணை.

இந்நெறி தமிழ்ப் பதிப்பாசிரியர்க்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடிகளில் மெய்க்குப் புள்ளியும், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் பெரும்பாலும் காணப்படா. உ. வே. சாமிநாதையர் (1855–1942) முதலியோர் சுவடி பலவற்றை ஒப்புநோக்கி, பொருளும் யாப்பும் கொண்டு பாடந் துணிந்தனர், பிரதிபேதங்களையும் காட்டினர். வேற்றுமையை ஒப்பீட்டின்கண் நீக்கலாம். மூலத்தின்கண் அழித்தலாகாது என்பதே அதனாற் பெறப்படும்.

ஆதலின், சொல்லடைவு தொகுப்போர் முதற்கண் இரு பாடங்களையும் ஒருநிலைப்படுத்துக. ஐயத்திற்குரிய இடங்களைத் தாமே நோக்கித் துணிக. எவ்வேற்றுமைகளை நீக்கினர் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படக் கூறுக. அங்ஙனம் கூறப்பட்ட வழியே 'இச்சொல் இந்நூலில் இல்லை' என்னும் முடிபைப் பிறர் சோதித்து ஏற்றல் கூடும் என்க.