கல்லுக்குள் ஒளிந்த தண்ணீர்

பெரம்பலூர் மாவட்டத்தின் காரைப் பகுதியில், மழை அரித்த களிமண் மேடுகளுக்கிடையே ஜிப்சம் நார் நாராகப் பளபளக்கும். நகத்தால் கீறினாலே கோடு விழும் மென்மை. அந்த மேடுகளின் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது.

தொட்டால் ஜிப்சம் வறண்ட கல்தான். ஆனால் 100 கிலோ சுத்தமான ஜிப்சத்தில் ஏறத்தாழ 21 கிலோ தண்ணீர் இருக்கிறது! படிகத்தோடு பிணைந்த நீர் என்பதால் சாதாரண வெயிலுக்கு அது போகாது. 150 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் முக்கால் பங்கு வெளியேறி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஊசி ஊசியாகப் படிகங்கள் முளைத்து, ஒன்றோடொன்று பின்னி இறுகும். உடைந்த எலும்புக்குப் போடும் மாவுக்கட்டு சூடாவதும் கெட்டியாவதும் இதனால்தான்.

இப்படிப் படிகத்தோடு பிணைந்த நீரை அல்லாமல், மூலக்கூறின் அமைப்பிலிருந்தே நீரைக் கழற்றினால் கிடைப்பதை வேதியியலில் நீரிலி என்பார்கள். கந்தக அமிலத்துக்கு சல்ஃபர் டிரையாக்சைடு, நீற்றிய சுண்ணாம்புக்குச் சுட்ட சுண்ணாம்பு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் முதலில் போவது கரியமில வாயு. மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்துப் பொங்கி நீறும். அந்த நீற்றிய சுண்ணாம்பை 500 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் நீரை விட்டுவிட்டு மறுபடி சுட்ட சுண்ணாம்பாகிவிடும்.

அரியலூரின் சிமெண்ட் ஆலைகளில் ஜிப்சத்தின் நீர்க்கணக்கு தினமும் முக்கியம். சுமார் 1,450 டிகிரியில் வெந்த கிளிங்கர் என்ற சிமெண்ட் கட்டிகளை மட்டும் அரைத்தால், தண்ணீர் ஊற்றியதும் கலவை இறுகிவிடும். பூசக்கூட நேரம் இருக்காது. அதைத் தாமதப்படுத்தவே 3 முதல் 5 சதவீதம் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். அரவை ஆலையில் இரும்புக் குண்டுகள் மோதி மோதி வெப்பம் 120 டிகிரியைத் தாண்டினால், ஜிப்சம் அங்கேயே நீரை இழந்து பிளாஸ்டராக மாறத் தொடங்கும். அதனால்தான் பல ஆலைகளில் அரவைக்குள்ளேயே தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கிறார்கள்.

இந்த வெப்பக் கட்டுப்பாடு தவறிய சிமெண்ட், கலந்த சில நிமிடங்களிலேயே விறைக்கும். அப்போது கூடுதலாகத் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். ஊற்றக் கூடாது, கான்கிரீட்டின் வலிமை குறைந்துவிடும். இது பொய் இறுக்கம். தண்ணீர் சேர்க்காமல் இன்னொரு முறை நன்றாகக் கிளறினால் பிளாஸ்டரின் படிகப் பின்னல் உடைந்து, கலவை மறுபடி இளகும்.